குடில் மாட்டுக்குப் பொட்டு கிடையாது

நான் விளாச்சேரிக்குப் போன அன்று காலையில்தான் மழை விட்டிருந்தது. தெருவில் ஈரம் காயவில்லை. அதற்குள் தார்ப்பாய்களை விலக்கிவிட்டுப் பலகைகளைத் தூக்கி வாசலில் வைத்துக்கொண்டிருந்தார்கள். பலகை முழுக்க ஒட்டகங்கள், முழங்காலிட்ட இடையர்கள், கைகளை விரித்துப் படுத்திருக்கும் குழந்தை இயேசுக்கள். எதிலும் இன்னும் வர்ணம் ஏறவில்லை.

மதுரையில் பசுமலைக்குப் பக்கத்து ஊர் இது. வேளார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக மண்வேலை செய்கின்றன. ஆவணியில் பிள்ளையார், புரட்டாசியில் கொலு பொம்மை, அது முடிந்த கையோடு கிறிஸ்துமஸ் குடில் செட். இதில் குடிலுக்குத்தான் வானம் ஒத்துழைப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் கிறிஸ்துமஸ் வேலையும் ஒரே நேரத்தில் வந்து நிற்கின்றன. நிழலில் நாள் கணக்கில் உலர வேண்டிய பொம்மை ஈரக்காற்றில் உலரவே மாட்டேன் என்கிறது. அவசரப்பட்டுச் சூளையில் வைத்தால், உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் பொம்மையை வெடிக்க வைத்துவிடும். பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து உடைக்கும். அதனால் முடிந்த அளவு உருப்படிகளை வெயில் காலத்திலேயே சுட்டு அடுக்கிவிடுகிறார்கள். மழைக்கு நடுவே வரும் ஆர்டருக்குக் காகிதக் கூழும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும்தான்.

நான் உட்கார்ந்திருந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் வேலை பார்த்தார்கள். மாமியாருக்கு அறுபது தாண்டியிருக்கும். கண்மாய் மண்ணைக் காயவைத்து நொறுக்கி, தண்ணீரில் கரைத்து வடிகட்டி, மணல் சேர்த்து மிதித்து வைத்திருந்தார்கள். அதில் ஒரு கை எடுத்து ரொட்டி மாவுபோலத் தட்டி, அச்சுக்குள் வைத்து விரல் நுனியால் அழுத்தினார். முன்பக்கத்துக்கு ஓர் அச்சு, முதுகுக்கு ஓர் அச்சு. மூக்கு, தாடை, துணி மடிப்பு உள்ள இடங்களில் அவர் கட்டைவிரல் கூடுதல் நேரம் நின்றது. இரண்டு பாதிகளின் ஓரங்களையும் ஈர்க்குச்சியால் கீறி, மண்குழம்பு தடவி ஒன்றோடு ஒன்று சேர்த்தார். சற்று நேரம் கழித்து அச்சைப் பிரித்தபோது உள்ளிருந்து ஒரு கழுதை வந்தது. காது இல்லாத கழுதை.

“காது எங்கம்மா?” என்றேன்.

“அது அச்சுல வராது தம்பி. தனியா உருட்டி ஒட்டணும். ஒடம்பு எம்புட்டு ஈரமா இருக்கோ, காதும் அம்புட்டு ஈரமா இருக்கணும். ஒடம்பு காஞ்சு, காது பச்சையா இருந்துச்சுன்னா, காது மட்டும் சுருங்கும். ஒட்டு விட்டுப்போகும்.”

எங்கள் வீட்டுக் குடிலில் இருந்த கழுதைக்கு ஒற்றைக் காதுதான். அதை உடைத்தது யார் என்று எனக்கும் அக்காவுக்கும் வருஷா வருஷம் சண்டை நடக்கும். தொட்டாலே விழக் காத்திருந்த காது அது என்று இத்தனை காலம் கழித்து ஒரு கைவேலைக்காரர் சொல்லித் தெரிந்துகொண்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

எங்களுடையது தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். கிறிஸ்துமஸ் மரம் என்றால் எங்களுக்குச் சவுக்குதான். ரயில் என்ஜினுக்கு விறகு வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டில் சென்னைக் கடலோரத்தில் தோப்புத் தோப்பாக நட ஆரம்பித்த மரம், எப்படியோ எங்கள் கூடத்துக்குள் வந்து நின்றது. அப்பா நல்ல கிளையாகப் பார்த்து வெட்டிவருவார். மண்ணெண்ணெய் டின்னில் கடற்கரை மணலைக் கொட்டி நட்டு, டின்னைச் சுற்றி ஜிகினாத்தாள் ஒட்டுவோம். சவுக்குக்குப் பலம் கிடையாது. எதை மாட்டினாலும் கிளை தலைகுனியும். அதனால் எங்கள் அலங்காரம் எல்லாம் எடையில்லாதது: மைதா பசையில் ஒட்டிய கலர்த்தாள் சங்கிலி, பலூன், பனிக்குப் பஞ்சு. பனியை நாங்கள் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் பஞ்சைப் பிய்த்துப் பிய்த்து வைப்பதில் எங்களுக்கு இருந்த சிரத்தை வேறெதிலும் இருந்ததில்லை. மரத்தடியில் சிமெண்டுப் பையைக் கசக்கி மலை, பத்து நாளுக்கு முன்பே தட்டில் விதைத்து முளைக்கவைத்த கேழ்வரகுப் பயிர், அதன் நடுவே குடில். ஜெர்மனியிலிருந்து வந்த மரமும் இத்தாலியிலிருந்து வந்த குடிலும் எங்கள் வீட்டில் ஒன்றாக நின்றன. வெகுநேரம் நாங்கள் உட்கார்ந்து பார்த்தது குடிலைத்தான். அந்த இடையன் முகம் எங்கள் ஊர் முகமாக இருந்தது. தலையில் கட்டியிருந்ததும் எங்கள் ஊர்த் துண்டு.

காரணத்தை விளாச்சேரி அலமாரியில் பார்த்தேன். கொலுவில் வைக்கும் கிராமத்து செட்டில் ஏர் பிடிக்கிறவருக்கும் குடிலில் ஆட்டுக்குட்டியைத் தோளில் சுமக்கிறவருக்கும் மூக்கும் தாடையும் ஒன்று. மாடு இன்னும் வெளிப்படை. ஒரே அச்சில் எடுத்த மாடுகள் இரண்டு பலகைகளில் தனித்தனியாக இருந்தன. “இந்தப் பக்கம் இருக்கது கிருஷ்ணருக்கு. நெத்தியில பொட்டு வப்போம், கழுத்துல மணி போடுவோம். குடில் மாட்டுக்குப் பொட்டு கெடையாது” என்றார் மருமகள்.

இயேசு பிறப்பைச் சொல்லும் நற்செய்திப் பகுதிகளில் மாடே இல்லை. கழுதையும் இல்லை. லூக்கா தீவனத்தொட்டியை மட்டும் சொல்கிறார். தன்னை உடையவனை மாடும், எஜமானின் தொட்டியைக் கழுதையும் அறியும் என்ற ஏசாயாவின் பேச்சிலிருந்து அவை தொழுவத்துக்குள் வந்தன. 1223இல் கிரெச்சோ என்ற இத்தாலிய மலையூரில், புனித பிரான்சிஸ் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி நள்ளிரவுத் திருப்பலிக்கு ஏற்பாடு செய்தார். குழந்தை பிறந்த நிலையைக் கண்ணால் காண வேண்டும் என்பது அவர் எண்ணம். எட்டு நூற்றாண்டுக்குப் பிறகு, கோகுலத்து மாட்டைப் பொட்டில்லாமல் பெத்லகேமுக்கு அனுப்பும் இந்தப் பெண்ணைப் பார்த்திருந்தால் அவர் மகிழ்ந்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

சுட்ட பொம்மையை உப்புத்தாளால் தேய்ப்பது பெண்கள் வேலை. நாள் முழுக்க மண்தூசியில் உட்கார வேண்டும். மூக்கில் முந்தானையைச் சுற்றிக்கொள்கிறார்கள். பிறகு வெள்ளை அடித்து, உடைக்கு ஸ்பிரே கன்னால் வர்ணம். முகத்துக்கு மட்டும் தூரிகை, கண் கடைசியில். மருமகள்தான் கண் எழுதினார். மாதாவின் பார்வை கீழே படுத்திருக்கும் குழந்தை மேல் விழ வேண்டும் என்பதால் கருவிழி இமைக்கு அடியில் பாதி மறைந்தது. ராஜாக்களுக்கு அப்படி இல்லை, முழுக் கண். நட்சத்திரத்தைப் பார்த்து வந்தவர்கள் அல்லவா? யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். “செட்டை அடுக்கிப் பாத்தா தெரியும்ல” என்றார்.

கடைகளில் இப்போது பளபளக்கும் பிளாஸ்டிக் குடில்கள் நிறைய வருகின்றன. விழுந்தாலும் உடையாதுதான். ஆனால் அந்தக் கண்கள் எதையும் பார்ப்பதில்லை. இங்கே மண் கிடைப்பது சிரமமாகிவருகிறது, விறகு விலை ஏறுகிறது, தேய்க்க ஆள் இல்லை. ஒரு மாதா முகத்துக்கு இவர்கள் செலவிடும் உழைப்புக்கு வருகிற கூலி போதவே போதாது.

நான் கிளம்பும் நேரம் வைக்கோல் பரப்பி அட்டைப்பெட்டிகளைக் கட்டத் தொடங்கியிருந்தார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் குழந்தை இயேசு மட்டும் இரண்டு. ஏன் என்றேன்.

“அதைத்தான் நடுராத்திரி வரைக்கும் எடுத்து ஒளிச்சு வச்சிருப்பாகளாமே தம்பி. வச்ச எடம் மறந்துபோயி, மறு வருசம் கொழந்தை மட்டும் வேணும்னு கடைக்கு வந்து நிப்பாகளாம். அதான் கடைக்காரவுகளே ஒண்ணு கூட வைக்கச் சொல்லிருவாக.”

எங்கள் வீட்டில் அம்மா அதை அரிசிப் பானைக்குள் வைப்பார் என்று சொன்னேன். மாமியாருக்கு அந்த இடம் பிடித்துவிட்டது. “அரிசியில கெடந்தா ஒடையாது” என்றார்.