கொழுக்குமலைக்கு ஒரு ஜீப் பிரயாணம்

தேனி ஜில்லாவிலே, 7,000 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு நம் பக்கத்துக் குரங்கணியிலிருந்து நடைபாதைதான் உண்டு. வாகனத்தில் ஏற விரும்புவோர் கேரளத்துச் சூரியநெல்லிக்குச் சென்று ஜீப் பிடிக்க வேண்டும். சூரியோதயம் காணும் ஆசையால் நாங்களும் குடும்ப சகிதமாய்ப் பின்னிரவில் புறப்பட்டோம்.

அதைப் பாதை என்பது உபசார வார்த்தை. பாதி வழியில், பாறைக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஜீப் நின்றுவிட்டது. முன்னே ஒரு சக்கரமும் பின்னே எதிர்ப்புறத்துச் சக்கரமும் அந்தரத்தில் சுழன்றன. தரையில் ஊன்றிய இரண்டும் அசையவில்லை. 1941-ல் ராணுவத்துக்கென்று பிறந்த வம்சம். நான்கு சக்கரத்துக்கும் இழுவை உண்டு. இருந்தும் ஏன் இக்கதி?

வளைவில் வெளிப்புறச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். அதற்காக அச்சின் நடுவே 'டிபரென்ஷியல்' என்னும் பற்சக்கரத் தொகுதி உண்டு. அது இரு சக்கரங்களுக்கும் சமமான உந்துதலையே அளிக்கும். ஒன்று அந்தரத்தில் தொங்கினால், அதைச் சுழற்றப் போதுமான அற்ப வலுவே மற்றதற்கும் கிட்டும். அதைப் பூட்டிவிட்டால் இரண்டும் சேர்ந்தே சுழலும். ஆனால் கெட்டியான சாலையில் வண்டி திரும்ப முரண்டும். புதிய வண்டிகளில், வீணே சுழலும் சக்கரத்தைப் பிரேக் தானாகவே பிடித்து, ஊன்றிய சக்கரத்துக்கு வலுவைத் திருப்புகிறது. ஆயினும் சக்கரம் வழுக்கிய பின்னரே அது விழிக்கும்; நெடுநேரம் உழைத்தால் பிரேக் சூடேறும்.

"எல்லாரும் இறங்கிக்குங்க சார்" என்றார் டிரைவர். கல் அண்டை கொடுத்து ஜீப்பை மீட்டார்.

"புது வண்டி வாங்கலாமே?" என்றோம்.

"இது கெட்டா மலையிலேயே நானே சரி பண்ணிக்குவேன். புதுசு கெட்டா டவுனுக்குப் போகணும். ஆனா..." என்று தயங்கினார். "போன மழையிலே, ராத்திரி, ஒரு பிரசவக்காரியைக் கொண்டு போறப்ப இங்கேதான் மாட்டிக்கிட்டேன். அவளை இறங்கி நில்லுன்னு சொல்ல முடியுமா சார்?"

"பிறகு?"

"கூட வந்த நாலு பேர் தூக்கின சக்கரத்துப் பக்கம் தொங்கினாங்க. சக்கரம் தரையைத் தொட்டுச்சு. தாயும் பிள்ளையும் சுகம்."

சிகரத்தில், மேகக் கடலின் மேல் சூரியன் எழுந்தான், குழந்தைகள் கைகொட்டினார்கள். எங்களுக்கோ அந்த நால்வர் நினைவு அகலவில்லை. காட்சி காண வருவோருக்கு இந்தக் கரடுமுரடு வேடிக்கை. தோட்டத்தில் வாழ்வோருக்கு அப்படியல்ல. நல்ல யந்திரம் வேண்டியதுதான். அதற்கு முன் நல்ல பாதை வேண்டும்.