வடமராட்சியில் ஒரு மொறிஸ் மைனர்

யாழ்ப்பாணப் பட்டினத்தை விட்டுப் பருத்தித்துறை வீதியாற் செல்வோர், கோப்பாயைக் கடந்து, நீர்வேலியின் வாழைத் தோட்டங்களையும் புத்தூரின் செம்மண் நிலங்களையும் பார்த்துக்கொண்டு போகையில், வழி திடீரென வெளியாகிவிடும். பனைகளும் வேலிகளும் பின்தங்க, இருமருங்கும் உவர்நிலமும் நீரும் வானமுமே எஞ்சும். அதுவே வல்லை வெளி. தடுப்பதற்கு மரம் இன்மையால் காற்று அங்கே தன் விருப்பம்போல் வீசும். சைக்கிளில் வருவோர் குனிந்து மிதிப்பர். கார் ஓட்டுவோர் சுக்கானை இறுகப் பற்றுவர். அவ்வெளிக்கு அப்பால் வடமராட்சி.

வேறிடங்களில் காட்சிப் பொருளாகிவிட்ட கார்களை இவ்வீதியில் இன்றும் காணலாம். ஒஸ்ரின் ஒன்று தேங்காய் மூட்டையோடு போகும். மொறிஸ் மைனர் ஒன்று மணமகனை ஏற்றிப் போகும். மைனரின் கதை சுவையானது. அதை அமைத்தவர் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர். மாதிரிக் கார் மிக ஒடுக்கமாய் இருப்பதாகக் கண்ட அவர், அதனை நெடுக்காக இரண்டாக அறுத்து, பாதிகளை 4 அங்குலம் விலக்கி வைத்துப் பார்த்து, அந்த அகலத்தையே உறுதி செய்தார். 1948-இல் இலண்டனில் நடந்த மோட்டார்க் காட்சியில் அது வெளிவந்தது. பிரித்தானியக் கார்களில் முதன்முதலாகப் பத்து இலட்சத்தை எட்டியதும் அதுவே. 1971-இல் உற்பத்தி நின்றது.

யாழ்ப்பாணத்தார் இக்கார்களைக் கைவிடாமைக்குப் பழைமை மீதுள்ள பற்று மட்டும் காரணமன்று. 1990-இன் பின் பொருளாதாரத் தடையால் பெற்றோல் வராது போயிற்று. புதிய கார்கள் கொட்டிலில் உறங்கின. பழைய கார்களின் இயந்திரமோ அமுக்கம் குறைந்தது; சில துளி பெற்றோல் விட்டுத் தொடக்கிவிட்டால், பின்னர் மண்ணெண்ணெயில் புகையைக் கக்கிக்கொண்டேனும் ஓடும். நோயாளரும் கர்ப்பிணிகளும் அவற்றிலேயே ஏறினர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட அக்காலத்துக் கைத்திறன் இன்னும் இம்மண்ணில் அழிந்துவிடவில்லை.

அத்திறனின் ஒரு புதிய வேலையைக் காணவே நாம் நெல்லியடிக்கு அப்பாலுள்ள ஒரு வீட்டு வளவுக்கு மும்முறை சென்றோம். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர், எண்பதை அண்டியவர். மாதம் இருமுறை துணைவியாரை மந்திகை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். முச்சக்கர வண்டியின் குலுக்கல் அவ்வம்மையாரின் முதுகுக்கு ஆகாது. மைனர் நிற்கிறது, ஆனால் ஆசிரியரின் வலத்தோள் தளர்ந்துவிட்டது.

“கார் இன்னும் ஓடுது தம்பி, என்ரை கைதான் ஓடுதில்லை” என்றார் அவர் எம்மிடம்.

சுக்கானுக்குப் பொறியின் பலத்தைத் துணையாக்கும் எண்ணம் புதியதன்று. அமெரிக்கப் பொறியியலாளர் பிரான்சிஸ் டேவிஸ் 1926 அளவில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் முறையொன்றைச் செய்து காட்டினார். ஆயினும் 1951-இல் கிறைஸ்லர் நிறுவனத்தின் இம்பீரியல் காரிலேயே அது பொதுமக்களை எட்டியது. 1988-இல் ஜப்பானின் சுசுகி செர்வோவில் மின்மோட்டார் முறை வந்தது. எண்ணெய்க் குழாயும் பம்பும் வேண்டாத இம்முறையே வீட்டு வளவில் செய்வதற்கு ஏற்றது. சுக்கான் தண்டின் நடுவே மெல்லிய முறுக்குக் கம்பி ஒன்று உண்டு. ஓட்டுபவர் திருப்பும்போது அது எவ்வளவு முறுகுகிறதோ, அதனை உணரி அளந்து சொல்ல, அதற்கேற்ப மோட்டார் தண்டைச் சுழற்ற உதவும். இங்கிலாந்தில் பழைய கார் வைத்திருப்போர் பலர் வோக்ஸ்ஹோல் கோர்சா காரின் தண்டைக் கழற்றிப் பூட்டுகின்றனர். இவ்வளவிலோ விபத்தில் நொறுங்கிய ஜப்பானியச் சிறுகார் ஒன்றின் தண்டு சாக்கில் சுற்றியபடி காத்திருந்தது.

வேலையை ஏற்றவர் ஆசிரியரிடம் படித்த ஒரு கராஜ்காரர். அவர் சாக்கை அவிழ்க்கவே இல்லை. காரின் முன்புறத்தை உயர்த்தி, மரக்குற்றிகளின் மேல் நிறுத்தி, சில்லுகளைக் கழற்றினார்.

“முதலிலை வருத்தம் என்னெண்டு பாப்பம் மாஸ்டர்; பிறகு ஊன்றுகோலைப் பற்றி யோசிப்பம்” என்றார்.

மைனர் ஏறக்குறைய 750 கிலோகிராம் எடையே உள்ளது. பற்சட்டமும் சிறு பற்சக்கரமும் கொண்ட அதன் சுக்கான், அக்காலத்திலேயே இலகுவானதெனப் பெயர் பெற்றது. அத்தகைய கார் பாரமாய்த் திரும்பினால் அதற்கொரு காரணம் இருக்கவேண்டும். காற்றுக் குறைந்த ரயர், அளவுக்கு மிஞ்சி அகன்ற ரயர், வரண்டுபோன மூட்டு என அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துவந்தார். முன்சில்லைத் தாங்கும் கால், மேலும் கீழும் ‘ட்ரனியன்’ எனப்படும் புரியுள்ள மூட்டுகளில் திரும்புகிறது. அவற்றுக்கு அடிக்கடி கிறீஸ் ஏற்றவேண்டும். இடப்புற மூட்டு வரண்டு இறுகியிருந்தது. வலப்புறக் கீழ்மூட்டையோ அவர் கழற்றித் துடைத்து எம் உள்ளங்கையில் வைத்தார். உள்ளே புரிகள் பெரும்பாலும் தேய்ந்து வழவழப்பாய் இருந்தன. இன்னும் சிறிது தேய்ந்திருந்தால் கால் மூட்டைவிட்டுக் கழன்று, சில்லு மடிந்து, கார் வீதியில் முழந்தாளிட்டிருக்கும்.

அப்பொழுதுதான் அவர் சாக்கை அவிழ்க்காததன் பொருள் எமக்குப் புலனாயிற்று. பாரமாய்த் திரும்பிய சுக்கான், வரண்ட மூட்டு ஆசிரியருக்கு அனுப்பிய முறைப்பாடு. மோட்டாரை முதலில் பூட்டியிருந்தால், அது அந்த முறைப்பாட்டின் வாயை அடைத்திருக்கும், சுக்கான் இலகுவாகியிருக்கும், தேய்ந்த மூட்டோடு அம்மையாரும் ஆசிரியரும் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்திருப்பர். அம்மையார் அந்த இரும்புத் துண்டை நெடுநேரம் பார்த்திருந்தார், ஒன்றும் பேசவில்லை.

புதிய மூட்டுகள் வந்தன. இடத்துக்கும் வலத்துக்கும் புரி எதிரெதிர் ஆகையால் மாறாமற் பூட்டவேண்டும். பூட்டி, கிறீஸ் ஏற்றி, ரயர்களுக்குக் காற்று நிரப்பியபின் சுக்கான் பெரிதும் இலகுவாயிற்று. எனினும் நின்ற நிலையில் திருப்புவதற்கு ஆசிரியரின் தோள் இடந்தரவில்லை. அதன்பின்னரே சாக்கு அவிழ்ந்தது.

இரண்டாம் பிரச்சினை மின்சாரம். மைனரின் டைனமோ நன்றாகச் சுழன்றாலும் 22 அம்பியர் அளவே தரும். இயந்திரம் மெல்ல ஓடும்போது அதுவும் இல்லை. மோட்டாரோ, கார் நின்றபடி திரும்பும்போதே 30 அம்பியருக்கு மேலும் கேட்கக்கூடியது. ஆகவே டைனமோவை நீக்கி ஆல்டர்னேட்டர் பூட்டப்பட்டது. அக்காலக் காரில் பற்றரியின் நேர்முனை உடலோடு இணைந்திருக்கும். அதனை எதிர்முனைக்கு மாற்றவேண்டும். மோட்டாருக்கெனத் தனித் தடித்த கம்பியும் உருகியும் இட்டனர்.

மூன்றாவது, தண்டை இணைத்தல். பழைய தண்டின் கீழ்ப்பாதியும் புதியதன் மேற்பாதியும் ஒன்றாகும் இடத்திலேயே உயிர் தங்கியுள்ளது. கராஜ்காரர் அதனைத் தாம் ஒட்ட மறுத்துவிட்டார். கடைசற் பட்டறையில் அளவாகக் கடைந்த இணைப்புக் குழலுள் இருமுனைகளையும் செருகி, அனுபவமுள்ள ஒட்டுவேலைக்காரரிடம் கொடுத்து ஒட்டுவித்தார். இவ்வாறு மாற்றிய காரை வீதிக்கு எடுக்குமுன் மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதியாளரிடமும் விசாரித்துக்கொள்வது நன்றென்றும் சொன்னார்.

மூன்றாம் முறை நாம் போனபோது வளவுக்குள் சோதனை நடந்தது. முதலில் மோட்டாரின் உருகியைக் கழற்றிவிட்டு ஓட்டினர்; மின்துணை அற்றாலும் கையால் திருப்ப முடிகிறதா என்பதே முதற் கேள்வி. அடுத்து, வளைவில் கையைத் தளர்த்தினால் சில்லுகள் தாமே நேராகின்றனவா என்று பார்த்தனர். ஈற்றில் உருகியைப் பூட்டி ஆசிரியரை அமர்த்தினர். மாமரத்தடியில் இடக்கையாலேயே காரைத் திருப்பி நிறுத்திய அவர், இறங்காமல் சற்றுநேரம் அப்படியே இருந்தார். அம்மையார் மட்டும், “கிறீஸ் ஏத்திற நாளைக் கலண்டரிலை குறிச்சு வையுங்கோ” என்றார்.

அவர் சொன்னதே இவ்வேலையின் முழுப் பாடமும் ஆகும். தளர்ந்தோர்க்குத் துணை வேண்டும், அதில் நாணமில்லை. ஆனால் துணை கிடைத்தவுடன் நோவு அடங்கிவிடுகிறது. நோவு அடங்கியதால் நோய் தீர்ந்ததென்று எண்ணிவிடுகிறோம். பொறியியல் கற்கும் மாணவர்கள் இதனைக் கருத்தில் இருத்துவாராக. புதிய பலத்தைச் சேர்க்குமுன், பழைய எலும்பு அதனைத் தாங்குமா என்று தட்டிப் பார்ப்பதே தொழிலறிவு.