அலாரத்தை அணைக்கும் கை

கொக்கிலமேட்டில் வலை பின்னுகிற ஒருவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் பிழைத்து வீட்டுக்கு வந்தாச்சு. உண்மையான வேலை இனிமேல்தான். விரலை மடக்கு, நீட்டு, மறுபடி மடக்கு. நாளைக்கும் இதேதான்.

பயிற்சிக்காகத் திரும்பச் செங்கல்பட்டு போனால் சுமார் 30 கி.மீ. பஸ் காசை விடுங்கள், கூடப் போகிறவரின் ஒருநாள் கூலி காலி. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். நல்ல விஷயம். ஆனால் தினமும் வர முடியாதே?

நடுவில் கிடக்கிற நாட்களுக்குத்தான் செல்போன். ‘கேர் ஃபார் ஸ்ட்ரோக்’ என்று, நோயாளியும் வீட்டில் பார்த்துக்கொள்பவரும் போனில் பார்த்துப் பழகும் வீடியோக்களைச் சென்னையில் சோதித்தார்கள். முதல் சோதனையில் இணைப்பும் படத் தெளிவும் காலை வாரின. திருத்தி மறுபடி சோதித்தார்கள். அவ்வளவு தூரம்கூட வேண்டாம். பிசியோ வரும்போது பயிற்சியை வீட்டுப் போனிலேயே படம் பிடித்து, அலாரம் வைத்தால் போதும்.

பத்து நாள் அலாரத்துக்குக் கை நீளும். பதினோராம் நாள் அதை அணைக்க மட்டும் நீளும் (அதுவும் நல்ல கை!). வீட்டில் சோம்பேறி என்று திட்டுவார்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வும் வருகிறது. அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும், திட்டித் தீராது.

சரி, கேம் விளையாடினால்? 2016-ல் வெளியான ஓர் ஆய்வில் 141 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். வழக்கமான சிகிச்சையோடு ஒரு பாதிக்கு நிண்டெண்டோ வீ வீடியோ கேம், மறுபாதிக்குச் சீட்டு, பிங்கோ, பந்து. இரண்டு வாரம். இரு பக்கமும் கை தேறியது, ஆனால் பெரிய வித்தியாசம் இல்லை! அப்படியானால் நம்மூர்ப் பல்லாங்குழி என்ன குறைச்சல்? ஒவ்வொரு சோழியாக எடுத்துப் போடுவதும் விரல் பயிற்சிதான். எதிரே அழுகுணி ஆட்டம் ஆடும் பேத்தி இருந்தால் அலாரமே தேவையில்லை :-)

ஆனால் பேத்தியால் முடியாத ஒன்றைப் போன் செய்யும். தேறுவது அத்தனை மெதுவாக நடப்பதால், தேறுகிறவர் கண்ணுக்கே தெரியாது. முதல் வாரம் எடுத்த வீடியோவை ஆறாம் வாரம் போட்டுக் காட்டலாம். அதில் வலை ஊசி விரலில் நிற்காமல் விழுந்துகொண்டே இருக்கும். இப்போது ஒரு கண்ணியாவது பின்ன வருகிறதா என்று அவரே பார்த்துக்கொள்ளட்டும்.