ஐயாவின் இரவுக் கஞ்சி

யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, தமிழாசிரியனாகிய என்னிடம் இலக்கியக் கட்டுரையையே எதிர்பார்த்திருப்பர். ஆயினும், சென்ற ஓராண்டாக என் சிந்தையை ஆட்கொண்டிருப்பது இலக்கியமன்று. எண்பதை அண்மிய என் தந்தையாரின் உணவு. அவரும் இக்கல்லூரியின் பழைய மாணவரே. இம்மலரை வாசிப்போருட் பலர் அவர் வயதினராதலால், விஞ்ஞானத்துள் நான் அத்துமீறிப் புகுவதைப் பொறுத்தருள்வர் என நம்புகின்றேன்.

வயது போனால் வயிறு சுருங்கும், இராப்போசனம் இலகுவாயிருத்தல் வேண்டும் என்பது எங்கள் வீட்டில் எவரும் ஐயுறாத கொள்கை. அம்மா காலமானபின் அதனை நிறைவேற்றி வந்தவன் நானே. காலையில் தேநீரும் விசுக்கோத்தும், மதியம் சோறும் இரசமும் ஒரு மரக்கறியும், இரவிற் கஞ்சி. பருப்பு வாயு என்று விலக்கினோம். ஐயா மெலிந்தார். முதுமையின் இயல்பென்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒருநாள் மாலை சாய்மனைக் கதிரையிலிருந்து எழ முயன்றவர், இருமுறை முயன்றும் இயலாமல், என்னைக் கூப்பிடாது, பத்திரிகையை மீண்டும் எடுத்து வாசிப்பவர்போல் இருந்துவிட்டார். கதவருகே நின்று அதனைக் கண்டேன்.

ரொறன்ரோவிலுள்ள தம்பிக்கு இதைச் சொன்னேன். அந்நகரில் நிகழ்ந்த ஆராய்ச்சியொன்றைப் பற்றிய கட்டுரையை அவன் அனுப்பிவைத்தான். அகராதியின் துணையோடு பல இரவுகள் அதனைப் படித்தேன்.

புரதமென்பது அமினோவமிலங்களின் கோவை. அவற்றுட் சிலவற்றை உடல் தானே ஆக்கமாட்டாது, உணவே தரல்வேண்டும். அச்சுக்கோப்போனின் பெட்டியில் ஏனைய எழுத்துக்கள் நிறைந்திருப்பினும் ‘ழ’ ஒன்று தீர்ந்துவிட்டால், தமிழ் என்ற சொல்லை அவனாற் கோக்க இயலாதன்றோ? உடலின் நிலை அதனினும் இரங்கத்தக்கது. எஞ்சிய எழுத்துக்களை அது நாளைக்கென்று வைத்திராது, எரித்துவிடும்.

இவ்வமிலங்களின் தேவையை மனிதரில் முதன்முதல் முறையாக அளந்தவர்களுள் தலையாயவர் இலினோய்ஸ் பல்கலைக்கழகத்து வில்லியம் றோஸ். மாச்சத்தும் சீனியும் வெண்ணெய்க் கொழுப்பும் தூய அமினோவமிலங்களும் கலந்த சுவையற்ற உணவைத் தம் மாணவர்க்கு ஊட்டி, உட்சென்ற நைதரசனையும் வெளிவந்த நைதரசனையும் ஒப்பிட்டார். அம்மாணவர் இளைஞர். 1957இல் கலிபோர்னியாவில் ஐம்பதைக் கடந்த ஆண்களைச் சோதித்தவர்கள், இளைஞருக்குப் போதிய அளவு இவர்களுக்குப் போதவில்லை என்று கண்டனர். எனினும் நெடுங்காலமாக, முதியவர்க்கென அட்டவணைகளில் இடப்பட்ட அளவு பெரும்பாலும் இளையோரிடம் அளந்து முதியோர்க்கு இரவல் கொடுத்ததே.

ரொறன்ரோ ஆய்வாளர் அமிலங்கள் எரிவதையே அளவுகோலாகக் கொண்டனர். அறுபதைக் கடந்தோர்க்கு மணிக்கொருமுறை அளந்த சிற்றுணவு கொடுத்து, பினைலலனின் என்னும் அமிலத்தின் காபனுக்கு அடையாளமிட்டு, அது மூச்சிலே காபனீரொட்சைட்டாக எவ்வளவு வெளிவருகின்றதென நோக்கினர். உணவில் இலியூசின் என்னும் மற்றோர் அமிலம் குறைந்திருக்கும்வரை பினைலலனின் வீணே எரியும். இலியூசினைக் கூட்டக் கூட்ட எரிவு தணியும். தேவை நிறைந்தவிடத்துத் தணிவு நின்றுவிடும். 2021இல் வெளிவந்த முடிவு, உடல் நிறையின் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 78 மில்லிகிராம். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2007ஆம் ஆண்டு அறிக்கை வளர்ந்தோர்க்குத் தந்த அளவோ 39. சரியாக இருமடங்கு! முதியவரின் தசை உணவுக்கு விரைந்து இணங்குவதில்லை. அதனை உசுப்புவதில் இலியூசினுக்குத் தனிப்பங்குண்டு என்பர்.

முதுமையில் தசை தேய்வதற்கு 1989இல் இர்வின் றோசன்பேர்க் என்பார் ‘சாக்கோபீனியா’ என்று கிரேக்கத்திலிருந்து பெயர் வகுத்தார். சதையின் வறுமை என்பது பொருள். சொற்பொருள் ஆராய்வதே தொழிலாகவுடைய எனக்கு, ‘வறுமை’ என்ற அச்சொல் சுட்டது. வறுமை எங்கள் வீட்டிலில்லை. நான் பரிமாறிய கோப்பையிலேதான் இருந்தது.

ஐயாவின் நிறை 50 கிலோ. முதியோர்க்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டுமென 2013இல் வல்லுநர் குழுவொன்று கூறியபடி, அவருக்கு 50 முதல் 60 கிராம். அவர் உண்டது, என் கணக்கில், முப்பதும் தேறவில்லை. அதிலும் பெரும்பகுதி அரிசி. அரிசியில் இலைசின் என்னும் அமிலம் குறைவு, பருப்பில் அது மிகுதி. சோற்றோடு பருப்பை விடுவித்தவர் அறியாதா செய்தனர்? அதனைப் பிரித்தவன் நானன்றோ! சிறுநீரக நோயுடையோர்க்கு இக்கணக்குப் பொருந்தாது. ஆதலால் இரத்தப் பரிசோதனை செய்வித்து, வைத்தியரைக் கேட்டபின்னரே தொடங்கினேன்.

இப்பொழுது காலையிற் பாலும் அவித்த கடலையும், இரவிலும் பருப்பும் தயிரும் உண்டு. முதல் வாரம் ஐயா கோபித்தார். “தம்பி, சோதனைக்குப் படிக்கிற வயதே எனக்கு, இவ்வளவு தின்ன?” என்றார். பருப்பில் உள்ளியும் பெருங்காயமும் சேர்த்ததன்பின் வாயுவைப் பற்றி ஒன்றும் சொல்லக் காணோம். மாலைதோறும் முற்றத்தில் இருவரும் நடக்கின்றோம். தசைக்கு உணவு மாத்திரம் போதாதாம்.

பத்திரிகையை மடித்துவைத்து அவர் கதிரையை விட்டெழும் வேளையில், மாணவர் கொப்பிகளைத் திருத்துபவன்போல் அருகே இருக்கின்றேன். கைகளை ஊன்றியே எழுகின்றார். ஆனால் ஒரே முறையில் எழுகின்றார். நான் பார்ப்பது அவருக்குத் தெரியும்.