மூன்று சாவி, ஒரு பூட்டு

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். ஊரில் எந்தக் கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் "தம்பிய வரச்சொல்லுங்க" என்பார்கள்.

மாமாவின் ஜெராக்ஸ் கடையில் விண்டோஸுக்கு மூன்று அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்குகள். மாமாவின் பாஸ்வேர்டு மட்டும் ஏறவில்லை. "இன்னொரு கணக்குல போயி மாத்திருடா" என்றார். மாற்றலாம்தான். ஆனால் லோக்கல் கணக்கில் அப்படி மாற்றினால், என்க்ரிப்ட் செய்த ஃபைல்கள் திறக்காது. கடைக் கணக்கெல்லாம் அதில்தான்! அப்பா வேறு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

திரையின் வலது மூலையைக் கவனித்தேன். கீபோர்டு தமிழில் இருந்தது. ஆங்கிலத்துக்கு மாற்றியதும் திறந்துகொண்டது.

பிறகு, வேலையை விட்டுப்போன ஆபரேட்டரின் கணக்கை நீக்கினோம். அன்றாட வேலைக்கு ஸ்டாண்டர்டு கணக்கு, அவசரத்துக்கு ஓர் உதிரி அட்மின் போதும்.

தோழர்களே, பூட்டை உடைக்குமுன் சாவியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்!