மாடி கட்டாமல் கப்பலேறிய கதை

கோச்சடையில் எங்க வீட்டுக்கு மொட்டைமாடி உண்டு. மாடி போர்ஷன் கிடையாது. அதைக் கட்டி வாடகைக்கு விடணும்னுதான், ரங்கமணி ரிட்டயர் ஆனப்போ வந்த காசில் ஒரு பங்கை பேங்கில் போட்டு வச்சிருந்தோம். அந்தக் காசில்தான் 2018 அக்டோபரில் ஐரோப்பாவுக்குப் போய், ரைன் நதியில் சொகுசுக்கப்பல் ஏறினோம். இப்போ சொன்னாலும் என் நாத்தனார் தலையில அடிச்சுக்குவாங்க :-)

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். யோசனை அவரோடதுதான். இத்தனை வருஷம் வைகைக்கரையில குடியிருந்தும் ஆத்துல படகேறினதில்லையேன்னு அவருக்கு ஒரு குறை. "முட்டி நல்லாருக்கும்போதே போயிட்டு வந்துருவோம்"னார். பையன்கிட்ட சொன்னோம். "உங்க காசு, உங்க இஷ்டம்ப்பா"ன்னான். சுருதி கொஞ்சம் இறங்கின மாதிரி எனக்குத்தான் பட்டுச்சோ என்னவோ. முத்தையா சாமிக்கு ஒரு கும்பிடு, பெட்டியில் பருப்புப்பொடியும் நார்த்தங்காயும். கிளம்பியாச்சு!

ஆம்ஸ்டர்டாமில் ஏறி சுவிட்சர்லாந்தின் பாசலில் இறங்கணும். கப்பல் 135 மீட்டர் நீளம், மூணு அடுக்கு. கடல் மாதிரி ஆட்டமே இல்லை, எந்நேரமும் கரை தெரியுது. படுத்துக்கிட்டே ஜன்னல் வழியா ஊர் ஊரா நகர்றதைப் பார்க்கலாம். சாப்பாடுதான், ஒண்ணு முடிஞ்சு ஒண்ணா வந்துக்கிட்டே இருக்கும். சைவம்னு சொன்னதும் உருளைக்கிழங்கை எத்தனை தினுசில் செய்யலாம்னு கண்டுக்கிட்டோம். பருப்புப்பொடி காப்பாத்துச்சு.

கொலோனில் அந்தப் பெரிய தேவாலயம். 157 மீட்டர் உயரம். 1248ல் ஆரம்பிச்சு, நடுவுல சில நூறு வருஷம் அப்படியே போட்டு வச்சு, 1880ல்தான் முடிச்சாங்களாம். 632 வருஷம்! ரங்கமணி என் காதுல, "பாத்தியா, நம்ம மாடி ஒண்ணும் லேட்டில்லை"ங்கிறார்.

கோப்ளென்ஸ் வந்ததும் கேப்டன் குண்டைத் தூக்கிப் போட்டார். ஆத்துல தண்ணி இல்லையாம், கப்பல் இதுக்கு மேல போகாதாம்! அந்த வருஷம் மழை பொய்த்து, கௌப் ஊர் அளவுகோலில் நீர்மட்டம் 25 சென்டிமீட்டர் வரை இறங்கிருச்சு. அது ஆத்தோட ஆழம் இல்லை. கப்பல் போற வழியில் அதைவிட இன்னும் ஒரு மீட்டர் சொச்சம் இருக்கும். ஆனா அது எங்க கப்பலுக்குப் பத்தாது. பஸ்ஸில் கூட்டிப்போய், அந்தப் பக்கம் நிக்கிற வேற கப்பலில் ஏத்தி விடுவாங்களாம்.

சக பயணிகள் கொதிச்சுட்டாங்க. இருக்காதா பின்னே, மலையும் கோட்டையுமா இருக்கிற பகுதியே அதுதான். கொடுத்த காசு எவ்வளவு! நாங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிச்சுட்டோம். தண்ணியில்லாத ஆத்தைப் பத்தி மதுரைக்காரங்களுக்கா சொல்லித் தரணும்? அழகர் ஆத்துல இறங்கவே அணையைத் திறந்து விடணும். அதுவும் முடியாத வருஷம் ஆத்துக்குள்ள தொட்டி கட்டி நிரப்பினவங்க நாம. வைகை 258 கிலோமீட்டர், ரைன் 1,230. அவ்வளவு பெரிய ஆறுக்கும் இதே கதிதான்.

கௌபில் பஸ்ஸைக் கொஞ்ச நேரம் நிறுத்தினாங்க. ஆத்து நடுவுல தீவில் ஒரு குட்டிக் கோட்டை, அந்தக் காலத்தில் படகுகளுக்குச் சுங்கம் வசூலிச்ச இடம். அதுக்குக் கரையிலிருந்து ஜனங்க நடந்தே போய்ட்டு வர்றாங்க! ரங்கமணி என் கையைப் பிடிச்சுக்கிட்டு கூழாங்கல்லில் இறங்கி நின்னார். "ஆரப்பாளையம் பக்கம் நிக்கிற மாதிரியே இருக்கு"ன்னார். ஒரு கல்லைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கிட்டார். போட்டோ எடுத்திருந்தா அவ்வளவு சந்தோஷமா இருந்த முகம் அதுவாத்தான் இருந்திருக்கும். எடுக்கத் தோணலை.

ரெண்டாவது கப்பலில் பார்த்ததுதான் அதிசயம். பாசல் வரைக்கும் ஆத்தை அங்கங்கே தடுத்து வச்சிருக்காங்க, பத்து இடத்தில். கப்பலை ஒரு நீளத் தொட்டிக்குள்ள விட்டு, கதவை மூடி, மேல்பக்கத் தண்ணியை உள்ள விடுறாங்க. தண்ணியோட கப்பலும் சத்தமில்லாம மேல வருது. முன்கதவு திறந்ததும் அடுத்த படி. "மாடி கட்டற காசுல வந்தோம், மாடி ஏத்தி விடுறாங்க பாரு"ன்னார்.

போக நினைக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: தண்ணி குறைஞ்சா கம்பெனி என்ன செய்யும்னு முன்னாடியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கோங்க. கோடைக்கடைசியும் அக்டோபரும்தான் ரைனில் தண்ணி குறையற காலம்.

2021ல் அவருக்குப் பக்கவாதம் வந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் பையன்தான் கட்டினான், முகம் சுளிக்காமத்தான் கட்டினான். இருந்தாலும் அந்தப் பணம் இருந்திருந்தா அவன்கிட்ட வாங்காம இருந்திருக்கலாமேன்னு எனக்கு உறுத்தல் உண்டு. போன வாரம் கேட்டே விட்டேன், "ஏங்க, பேசாம மாடியே கட்டியிருக்கலாமோ?"

அவருக்கு இப்போ பேச்சு மெதுவாத்தான் வரும். ஜன்னலோரம் இருக்கிற அந்தக் கல்லைப் பார்த்துட்டுச் சொன்னார்:

"கட்டியிருந்தா... இப்ப ஏற முடியுமா?"