மூன்றடிக் கடல்

வண்ணமீன் வளர்ப்பு நம் வீடுகளுக்குப் புதியதன்று. கொளத்தூர்ச் சந்தையில் வாங்கிவந்த இரண்டு தங்கமீன்களோ நான்கு கப்பிகளோ நீந்தும் கண்ணாடித் தொட்டி இல்லாத தெரு எங்கள் கும்மிடிப்பூண்டியில் இல்லை எனலாம். அவையெல்லாம் நன்னீர்த் தொட்டிகள். உப்புநீர்த் தொட்டியோ வேறு சங்கதி. அதில் முதலில் வளர்க்க வேண்டியது நீரை. மீன் பிறகு வந்து சேரும் விருந்தாளி.

இந்த ஆசை நேற்று முளைத்ததுமன்று. 1846-ஆம் ஆண்டிலேயே ஆனா தைன் என்னும் ஆங்கிலச் சீமாட்டி, டார்க்கி கடற்கரையில் கண்ட கற்பவளங்களை இலண்டனுக்கு எடுத்துச் சென்று வீட்டில் வளர்த்திருக்கிறார். நீரில் காற்றூட்டும் இயந்திரம் அன்று ஏது? திறந்த சாளரத்தின் முன் நின்று, அந்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு ஊற்றி ஊற்றி ஆற்றும் வேலை வீட்டுப் பணிப்பெண்ணின் தலையில் விழுந்தது. தேநீர் ஆற்றுவோர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். அந்தப் பெண்ணின் கைவலியை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. ஏறத்தாழ நூற்றுப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1961-இல், ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பார், உயிருள்ள கற்களும் மெல்லிய காற்றுக் குமிழிகளும் இருந்தால் தொட்டிக்குள் கடல் தன்னைத்தானே தூய்மை செய்துகொள்ளும் என்று எழுதினார். நம் சென்னைக்கும் இதில் பங்குண்டு. மெரினாவில் 1909-இல் ஒரு மீன்காட்சியகம் திறந்தார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மூடிவிட்டார்கள். அதைச் சிறுவயதில் பார்த்த என் பாட்டனார், அங்கே கண்ட மீன்களின் நிறங்களைத் தம் கடைசிக் காலம்வரை வருணித்துக்கொண்டிருந்தார். என்னைப் பிடித்த பித்துக்கு வித்து அதுவாக இருக்கலாம்.

நிற்க. நான் சிப்காட் வளாகத்துத் தொழிற்சாலை ஒன்றில் நீர்ப் பரிசோதகனாகப் பணிபுரிபவன். கொதிகலனுக்குச் செல்லும் நீரில் சுண்ணாம்புச் சத்து ஏறிவிடாமல் காவல் காப்பது என் தொழில். ஏறினால் குழாயின் உட்புறம் கல்லாகப் படியும், எரிபொருள் வீணாகும், முற்றினால் குழாயே வெடிக்கும். பகலெல்லாம் இப்படிச் சுண்ணாம்பை விரட்டிவிட்டு மாலையில் வீடு திரும்பினால், என் தொட்டி நீரில் அதே சத்து லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குக் குறைகிறதே என்று கவலைப்படுகிறேன்! கொதிகலனில் படிந்து கேடு செய்யும் கால்சியம் கார்பனேட்டினால்தான் பவளப் பூச்சிகள் தீவுகளையே எழுப்புகின்றன. இதை உடன் பணியாற்றுவோரிடம் சொன்னால் சிரிக்கிறார்கள்.

தொட்டி மூன்றடி நீளம். ஏறத்தாழ 150 லிட்டர் கொள்ளும். பழவேற்காட்டுக் கடல் கூப்பிடு தூரமென்றாலும், மழைக்காலத்தில் ஒரு விதமும் கோடையில் வேறொரு விதமுமாக உப்பு மாறும் முகத்துவார நீரை நான் நம்புவதில்லை. வடிகட்டிய நன்னீரில் லிட்டருக்கு 35 கிராம் வீதம் செயற்கைக் கடலுப்பைக் கரைத்து, நீரடர்த்தி 1.025 நிற்கிறதா என்று மானியால் பார்த்துக்கொள்வேன். பிறகு ஆறு வாரங்கள் வெறும் நீரும் கல்லுமாகக் காத்திருத்தல் வேண்டும். மீன் கழிவிலிருந்து எழும் அம்மோனியா நஞ்சை நைட்ரைட்டாகவும், அதனை ஓரளவு தீங்கற்ற நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் கல்லில் குடியேற அவ்வளவு காலம் ஆகும். அந்த ஆறு வாரமும் விருந்தினர் ஒவ்வொருவராக வந்து, “மீன் எங்கே?” என்று கேட்டுச் சென்றார்கள்.

கோடையில் நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் ஆவியாகும். உப்பு ஆவியாகாதாகையால் குறைந்த அளவுக்கு நன்னீர்தான் சேர்க்க வேண்டும். மின்சாரம் நின்றால் பேட்டரியில் ஓடும் காற்றுக் கருவி உண்டு. சித்திரை வெயிலில் நீர்ப்பரப்பின்மீது ஒரு சிறு மின்விசிறியைச் சுழலவிட்டால் இரண்டு மூன்று பாகை வெப்பம் தணிகிறது. மண்பானைத் தத்துவந்தான்.

இனி, தொட்டியில் பவளம் உண்டா என்ற கேள்வி. என் மகள் கேட்டதும் அதுவே. “வாப்பா, பவளமில்லாமல் இது எப்படிக் கடலாகும்?” என்றாள். நியாயமான கேள்விதான். குறைந்த விலைக்கு உயிருள்ள பவளக்கல் தருவதாகச் சொன்ன ஆளும் ஒருவர் இருந்தார். எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன், தெற்கே என்றார். தெற்கே என்றால் மன்னார் வளைகுடா.

பவளப்பாறை கட்டும் உயிர்கள் அனைத்தையும் 2001-இல் நம் நாட்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். புலிக்கு உள்ள காப்பு பவளத்துக்கும் உண்டு. அதற்குமுன் நடந்தவற்றை அறிந்தோர் இச்சட்டத்தைக் கடுமையென்று சொல்லமாட்டார்கள். தூத்துக்குடி முதல் பாம்பன் வரையிலான அந்த வளைகுடாவில் சுண்ணாம்புச் சூளைக்கும் வீடு கட்டவும் பவளக்கல்லைப் பல தலைமுறைகளாக வெட்டினார்கள். தேசியப் பூங்காவாக 1986-இல் அறிவிக்கப்பட்ட 21 தீவுகளுள் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இன்று நீருக்குள் இருக்கின்றன. காக்கும் பாறையை வெட்டியெடுத்தபின் தீவு எதைப் பற்றி நிற்கும்? போதாக்குறைக்கு 2010-இலும் 2016-இலும் கடல்நீர் சூடேறி, எஞ்சிய பவளங்களும் வெளுத்தன. அந்தக் கடலிலிருந்து ஒரு கைப்பிடிக் கல்கூட என் வரவேற்பறைக்கு வரவேண்டாம் என்று முடிவு செய்தேன். மகளுக்கு இதை விளக்க இரண்டு மாலைப்பொழுதுகள் ஆயின. மூன்றாம் மாலை, சிமெண்டும் மணலும் குழைத்துத் துளைகள் விட்டு நாங்களே பாறை செய்தோம். அதன் காரம் நீங்க இரண்டு மாதம் நன்னீரில் ஊறப்போட்டோம். மீன்களும் கடலில் பிடித்தவையல்ல. பண்ணையில் பொரித்த கோமாளி மீன் சோடி ஒன்று. இவ்வினத்தைக் கரையிலேயே பொரிக்கவைக்கும் முறையை மத்திய கடல்மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் மண்டபத்தில் செய்து காட்டியிருக்கின்றனர்.

இவ்வளவு பார்த்துச் செய்த தொட்டியிலும் அழையா விருந்தாளி வந்தது. பாசி மேய்வதற்கென்று வாங்கிய நத்தைகளை மூன்று வாரம் தனிப் பாத்திரத்தில் வைத்திருந்துதான் உள்ளே விட்டேன். அவற்றுள் ஒன்றின் ஓட்டு மடிப்பில், கண்ணுக்குத் தெரியாத அளவில் அது ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். ஒருநாள் பஜ்ரு தொழுகைக்குப்பின் பார்க்கையில், பாறை இடுக்கில் ஓரங்குல உயரத்தில் கண்ணாடிபோன்ற பழுப்புநிற ஈச்சங்கன்று ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அழகாகவே இருந்தது. ஐப்டேசியா என்னும் கடற்சாமந்தி வகை அது. உப்புநீர்த் தொட்டி வைத்திருப்போர் இப்பெயரைக் கேட்டால் முகம் சுளிப்பர்.

அதன் வல்லமை விந்தையானது. தொட்டால் நொடியில் துளைக்குள் சுருங்கிவிடும். பிய்த்தெறிந்தால், ஒட்டிய இடத்தில் நின்றுபோன ஊசிமுனையளவு தசையிலிருந்து முழு உருவம் மீண்டும் முளைக்கும். வெட்டினால் ஒன்று பலவாகும். பக்கத்திலிருப்பதைக் கொட்டும் நஞ்சிழைகளும் உண்டு. மூன்று மாதத்தில் ஒன்று நாற்பத்தேழாயிற்று. எண்ணிக்கை என் மகளுடையது. அதற்கென்றே ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருந்தாள்.

கொல்லும் வழிகள் பல. இதையே தின்று வாழும் ஓடில்லாச் சிறு கடல்நத்தை ஒன்றுண்டு. இதனை விரும்பித் தின்னும் ஒருவகை இறாலும் உண்டு. இரண்டும் எனக்குக் கிடைக்கவில்லை. கொதிநீரை ஊசியால் செலுத்தலாம் என்று சொன்னபோது என் உம்மா இடைமறித்தார். நெருப்பால் வேதனை செய்வது படைத்தவனுக்கு மட்டுமே உரியது என்று கேட்டு வளர்ந்தவர் அவர். “கொல்ல வேண்டியதாயிருந்தால் கொல், தம்பி. வேகவைக்காதே” என்றார். கொதிநீர் நெருப்பாகுமா என்று வாதிட என்னிடம் தெம்பில்லை. வேறு வழி என்னவென்று கேட்டார். சுண்ணாம்புக் குழம்பு என்றேன். உடனே தம் வெற்றிலைக் கரண்டகத்தை எடுத்து என் முன் வைத்தார்!

கடைச் சுண்ணாம்பில் வேறு கலப்பு இருக்கலாமென்று, ஆய்வுக்கூடத் தரமுள்ள கால்சியம் ஹைட்ராக்சைடையே விலைகொடுத்து வாங்கினேன். ஆயினும் யோசனைக்குரியவர் உம்மா என்றே வீட்டில் வழங்குகிறது. நீரோட்டக் கருவிகளை நிறுத்திவிட்டு, தயிர்ப் பதத்தில் குழைத்ததை மருத்துவ ஊசிக் குழலால் அதன் வாய்மீது மெல்ல விட வேண்டும். இரை என்றெண்ணி விழுங்கும். காரம் உள்ளிருந்தே வேலை செய்யும். ஒரு நாளைக்கு நான்கைந்துக்குமேல் கூடாது. மிகுந்தால் தொட்டி நீர் முழுவதுமே காரமாகி மீனுக்குக் கேடு. வாரக்கணக்கில் மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரம் இதற்கே போயிற்று. அதைவிடப் பெரிய மருந்து மீனுணவைக் குறைத்ததுதான். தின்னாமல் மிஞ்சும் உணவே இதன் விளைநிலம். இக்கட்டுப்பாடு மீன்களைவிட, அவற்றுக்குக் கள்ளத்தனமாக உணவு போட்டுவந்த உம்மாவுக்குத்தான் கடினமாயிருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் விரட்டும் இதே ஐப்டேசியாவை ஆய்வுக்கூடங்களில் அருமையாக வளர்க்கிறார்கள். பவளத்தைப்போலவே இதன் உடலுக்குள்ளும் நுண்பாசி குடியிருந்து உணவூட்டுகிறது. சூடேறினால் அந்தப் பாசி வெளியேறி இதுவும் வெளுக்கிறது. பவளம் வளர்ப்பது அரிது, இது எதையும் தாங்கி வளர்வது. ஆகவே பவளம் ஏன் வெளுக்கிறது என்பதை இதனிடம் கேட்டுப் படிக்கிறார்கள். இதை அறிந்தபின் ஊசிக் குழலை எடுக்கும்போது கை சற்றே தயங்கத்தான் செய்தது.

இந்நாட்களில் என்னுடன் பணிபுரியும் பழவேற்காட்டு அண்ணன் ஒருவர் வீட்டுக்கு வந்தார். மீனவக் குடும்பத்தவர், ஏரியில் இறால் பிடித்து வளர்ந்த கை அவருடையது. தொட்டியின் முன் வெகுநேரம் குந்தியிருந்துவிட்டு, “பாய், இது எங்க காக்கா ஆழி மாதிரியில்ல இருக்கு” என்றார்.

காக்கா ஆழியை எண்ணூர், பழவேற்காட்டுப் பக்கத்து வாசகர்கள் அறிவர். கருநிறச் சிப்பி. தென்னமெரிக்கக் கரைகளுக்குரியது, கப்பல்களின் அடிப்புறத்தில் ஒட்டியோ, கப்பல் நிலைபெற ஏற்றும் நீரில் கலந்தோ வந்ததென்பர். கேரளத்துக் காயல்களில் இது பரவியதை 2019-இல் அறிஞர்கள் பதிவு செய்தனர். எண்ணூர் முகத்துவாரத்தில் இது அடிநிலத்தைப் பாய் விரித்தாற்போல் மூடிக்கொண்டது. இறால் புதைந்து வாழ மண் வேண்டும். மண்ணே தெரியாதபடி சிப்பி மூடினால் இறால் எங்கே போகும்? கால் வைத்தால் கிழிக்கிறது. கையால் தடவி இறால் பிடிப்பவர்களுக்கு அந்தத் தொழிலே இல்லாமற் போகிறது. முன்பு எடுத்து விற்ற மஞ்சள் ஆழியும் பச்சை ஆழியும் அருகிவிட்டன. மீனவர்களின் முறையீடு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்வரை சென்றது.

“உங்களுக்கு ஊசி இருக்கு பாய். ஏரிக்கு எத்தனை ஊசி போடுறது?” என்று கேட்டார் அவர். என்னிடம் பதில் இல்லை. என் தொட்டியில் ஒரு நத்தையைத் தனிப் பாத்திரத்தில் மூன்று வாரம் நிறுத்திவைத்தேன். அப்படியிருந்தும் ஒன்று நுழைந்தது. அத்தனை கப்பல்களை யார் எங்கே நிறுத்திவைத்துப் பார்ப்பது? ஆழ்கடலிலேயே அந்நீரை மாற்றவும் சுத்திகரிக்கவும் வேண்டுமென்னும் சர்வதேச உடன்படிக்கை 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. வந்துவிட்டதைச் சுரண்டியெடுப்பது இப்போது மனிதர் கையிலும் தூர்வாரும் இயந்திரத்திலும் இருக்கிறது. சுரண்டியதைக் கரையில் கொட்டாமல் முற்றாக அப்புறப்படுத்த வேண்டும் என்பது அந்த அண்ணனின் கவலை. மிஞ்சியது முளைக்கும் என்பதை அவர் என் தொட்டியைப் பார்த்து அறிந்துகொள்ளவில்லை, முன்பே அறிந்திருந்தார்.

அன்று போகும்போது அவர் என் மகளின் நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். நாற்பத்தேழிலிருந்து முப்பது, பத்தொன்பது, ஒன்பது என்று இறங்கியிருந்தது. “எங்க ஊர்லயும் இப்படி ஒண்ணு எழுதி வைக்கணும் பாப்பா” என்றார். அடுத்த வாரம் அவருக்கென்று அவள் ஒரு புது நோட்டு வாங்கிக் கொடுத்தனுப்பினாள். அதில் படகுத்துறை வாரியாகக் கோடு போட்டிருக்கிறார் என்று கேள்வி. எங்கள் நோட்டில் இந்த வெள்ளிக்கிழமைக் கணக்கு நான்கு. பின்பக்கக் கண்ணாடியோரம், ஊசி எட்டாத இடத்தில்.